ஒன்றரை அடியில் உடைந்த சங்கு

போன ஆவணியில் சோழவந்தான் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு மஞ்சள் பை என் மேசைக்கு வந்தது. உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய மூன்று சங்குத் துண்டுகள். கொண்டுவந்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். நாற்பது வருடத்துக்கு மேல் துக்க வீடுகளில் சங்கு ஊதியவர். கூட வந்த பேரன் எங்கள் கல்லூரியில் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நான் அங்கே பொருளறிவியல் ஆய்வகம் பார்க்கிறேன். பல் போன கியர், விரிசல் விட்ட வெல்டிங், முறிந்த லாரிப் பட்டை என்று யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். சங்கு வந்தது இதுதான் முதல் தடவை.

"தம்பி, இது விழுந்ததால உடைஞ்சதா, இல்ல உடையிற நேரம் வந்து உடைஞ்சதா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார்.

ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதைப் பேரன் பிறகு வராந்தாவில் வைத்துச் சொன்னான். ஸ்டூல் மேல் இருந்த சங்கு அவன் அம்மாவின் முந்தானை பட்டுக் கீழே விழுந்திருக்கிறது. ஒன்றரை அடி உயரம், சிமெண்டுத் தரை, மூன்று துண்டு. அதுவும் ஆடிப்பெருக்கு அன்று காலையில். மாமனாரும் மருமகளும் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. மஞ்சள் பைக்குள் ஒரு வீட்டு வழக்கும் சேர்ந்து வந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

சங்கின் பூர்வீகம்

உடைந்த பொருளை லென்சு வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் அதன் கதையைக் கேட்டுவிட வேண்டும். துப்பில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். மாணவர்கள் இதைச் செய்யாமல் நேராக மைக்ராஸ்கோப்புக்கு ஓடுவார்கள். அப்புறம் திரும்பி வருவார்கள்.

இது மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சாதாரண இடம்புரிச் சங்கு. மதுரையில் புது மண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில் பெரியவரின் அப்பா வாங்கியது. நுனியை அறுத்து, அரக்கு வைத்துப் பித்தளைப் பூண் மாட்டியிருக்கிறது. நீளம் 18 செ.மீ. துண்டுகள் மூன்றையும் சேர்த்து நிறுத்தால் 610 கிராம். உடைந்த இடத்தில் ஓட்டின் கனம் 4 முதல் 5 மி.மீ.

விழுந்த கதைகளைக் கேட்டேன். ஊன்றி யோசித்து மூன்று சொன்னார். சின்ன வயதில் கிணற்றுப் படியில் ஒரு தடவை. மொபெட்டிலிருந்து தார் ரோட்டில் ஒரு தடவை. மூன்றாவது தத்தனேரி சுடுகாட்டில்: தோளில் தொங்கிய பை அறுந்து, நெஞ்சு உயரத்திலிருந்து நேராகக் கருங்கல்லில். "அன்னைக்குப் போச்சுன்னு நெனச்சேன். எடுத்துப் பாத்தா உதட்டுல ஒரு சில்லு, அம்புட்டுத்தான். துடைச்சு ஊதுனேன்." அந்தச் சில்லு பெயர்ந்த இடம் இப்போதும் தெரிகிறது, தேய்ந்து வழவழப்பாக.

ஆறு வருடத்துக்கு முன்னால் முழங்கால் முடியாமல் போய் ஊதுவதை நிறுத்தினார். சுவரில் மாட்டி வைக்கலாம் என்று ஊர் வெல்டிங் பட்டறையில் கொடுத்து, உதட்டு ஓரமாக ஒரு துளை போட்டுச் சங்கிலி கோத்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, வெயில் காயும் சுவரில் ஆறு வருடம் தொங்கியது. இந்த ஆடியில் ஊர் முளைப்பாரிக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இறக்கினார்கள். சுவர் வெள்ளையாக இருக்கச் சங்கு மட்டும் புகை படிந்து மஞ்சளாக இருந்திருக்கிறது. பேரன் பாத்ரூம் கழுவும் ஆசிட் அரை லிட்டர் பாட்டில் ஒன்றை வாளியில் ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் கலந்து, சங்கை அதில் போட்டிருக்கிறான்.

"எவ்வளவு நேரம்?"

"பதினஞ்சு நிமிஷம் இருக்கும் சார். நுரை அடங்குனதும் எடுத்துட்டேன்."

நுரை அடங்கியது என்ற சொல்லைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். அதற்கு வருகிறேன். ஆசிட் குளியல் ஆடி முதல் தேதி. ஆணி திரும்ப அடிக்கவில்லை என்பதால் சங்கு ஸ்டூல் மேலேயே இருந்தது. விழுந்தது பதினெட்டாம் தேதி.

முறிவு முகம்

உடைந்த பரப்பு ஒரு நாட்குறிப்பு மாதிரி. விரிசல் எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் ஓடியது, எங்கே தயங்கியது, எல்லாம் அதில் பதிந்திருக்கும். ஒரே நிபந்தனை, துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து உரசியிருக்கக் கூடாது. எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். நல்லவேளையாக, உடைந்ததைச் சேர்த்துப் பார்ப்பது ஆகாது என்று பெரியவர் அன்றைக்கே தனித்தனியாகச் சுற்றி வைத்துவிட்டார். ஆய்வாளனுக்கு இப்படிப்பட்ட சகுனங்கள் தேவைதான்.

மூன்று துண்டுகளையும் பிரித்த விரிசல்கள் இரண்டு. இரண்டும் அந்தச் சங்கிலித் துளையிலிருந்து கிளம்பியிருந்தன. தரையில் மோதிய இடம் துளையிலிருந்து நான்கு விரல் தள்ளி இருந்தது. அங்கே ஒரு சின்ன நசுங்கல், அதைச் சுற்றி மயிரிழைக் கீறல்கள், வேறொன்றும் இல்லை. அடி விழுந்த இடத்தில் உடையாமல் வேறு இடத்தில் உடைந்திருக்கிறது என்றால், அந்த வேறு இடத்துக்கு ஏற்கெனவே ஏதோ ஆகியிருக்கிறது.

பத்து மடங்கு லென்சில் துளையின் ஓரத்தைப் பார்த்தேன். பெரிய விரிசலின் முதல் 11 மி.மீ. தூரம் மற்ற பகுதிபோல் இல்லை. மற்ற பகுதி பிளந்த விறகு போல, படிப்படியாக, கூர்மையான ஓரங்களோடு, லேசான மினுமினுப்போடு இருந்தது. இந்த 11 மி.மீ. மட்டும் மழுங்கி, மாவு பூத்த மாதிரி வெளுத்து, விரலில் ஒட்டியது. ஆசிட் பட்ட பரப்பு அப்படித்தான் இருக்கும். விரிசலின் முகத்தில் ஆசிட் பட வேண்டுமென்றால் ஆசிட் ஊற்றிய அன்றைக்கே அந்த விரிசல் திறந்திருக்க வேண்டும். இன்னும் உள்ளே, ஆசிட் எட்டாத ஒரு மூலையில், மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று: சாம்பிராணிப் புகையும் வீட்டுத் தூசியும் வருடக் கணக்கில் ஊறிய நிறம். ஆக அந்த விரிசல் ஆசிட்டுக்கும் மூத்தது. துளை போட்ட நாளில் பிறந்தது என்றே சொல்வேன். துளையின் உட்பக்கத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. கான்கிரீட் சுவருக்குப் போடும் ட்ரில்லை, அதுவும் தட்டிக்கொண்டே துளைக்கும் நிலையில் வைத்துப் போட்டால் இப்படித்தான் பெயரும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெளி ஓட்டில் குண்டூசி நுழைகிற அளவில் பல துளைகள். மன்னார் வளைகுடாவில் சங்கையும் சிப்பியையும் துளைத்துக் குடியிருக்கும் கடற்பஞ்சு வகைகள் உண்டு. அவை போட்ட வழிகள் இவை. சங்கு உயிரோடு கடலில் இருந்தபோதே வந்தவை. அறுபது வருடம் ஒரு கெடுதலும் செய்யாத துளைகள்தான். ஆனால் ஆசிட்டுக்கு அவை வாய்க்காலாக இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் வாயும் அகன்று, உள்ளே புனல்போல் குடைந்திருந்தது.

சங்கு இத்தனை நாள் ஏன் உடையவில்லை

எனக்கு வியப்பு உடைந்ததில் இல்லை, கருங்கல்லில் விழுந்தும் உடையாமல் இருந்ததில். ஏனென்றால் சங்கு என்பது எடைக்கு ஏறக்குறைய 99 சதவீதம் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல், பளிங்கு, முட்டை ஓடு எல்லாம் இதே சரக்குதான். சோழவந்தான் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கிளிஞ்சல் சுட்டும் எடுப்பார்கள். அதுவும் இதிலிருந்து வந்ததே. சங்கில் இருப்பது அரகோனைட் என்ற படிக வடிவம். பளிங்கில் இருப்பது கால்சைட். அணுக்கள் ஒன்றே, அடுக்கு வேறு. அரகோனைட் கொஞ்சம் நெருக்கமாக அடுக்கியது. அதன் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.93 கிராம், கால்சைட்டுக்கு 2.71. இதனால் மட்டும் சங்கு இரும்பாகிவிடாது. அரகோனைட் படிகத்தைத் தனியாக எடுத்துக் கீழே போட்டால் சிதறும். பேனாக்கத்தியால் கீறினால் கோடு விழும்.

மீதி அந்த ஒரு சதவீதம் புரதமும் சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்த ஒரு பசை. நத்தை தன் ஓட்டைக் கட்டும்போது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூசிக்கொண்டே போகும் சாந்து என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சாந்துக்கு வலிமை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அது எங்கே பூசப்பட்டிருக்கிறது என்பதில்தான் விஷயம்.

விறகு பிளக்கிறவருக்குத் தெரியும். வரி ஓடும் திசையில் ஒரே போடு. குறுக்கே என்றால் கோடாலிதான் மழுங்கும். சங்கின் ஓடு மூன்று அடுக்கு. நடு அடுக்கின் வரி, உள் அடுக்குக்கும் வெளி அடுக்குக்கும் 90 பாகை திரும்பியிருக்கும். பிளைவுட் செய்கிறவர்கள் செய்யும் அதே வேலை. இதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் மெல்லிய பலகைகள் வரிசையாக நிற்கின்றன; ஒரு பலகைக்குள் இருக்கும் இழைகள் இடப்பக்கம் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்தால், பக்கத்துப் பலகையில் வலப்பக்கம் சாயும். அந்த இழைகளைப் பிரித்தால் அவையும் நுண்ணிய குச்சிகளின் கட்டு; ஒரு குச்சியின் கனம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு குச்சியைச் சுற்றியும் அந்தப் பசை.

இப்போது ஒரு விரிசல் உள்ளே நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். பளிங்கில் என்றால் நுழைந்த கணமே மறுபக்கம் போய்விடும். சங்கில் அடி விழுந்ததும் வெளி அடுக்கில் ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் பல விரிசல்கள் விழும். பலகைகளுக்கு நடுவே உள்ள பசை வழியாக இறங்கி, நடு அடுக்கின் வாசலில் வந்து நிற்கும். நடு அடுக்கில் வரி மாறிவிட்டதால் நேராகப் போக வழி இல்லை. வலுக்கட்டாயமாக நுழைந்தால் 45 பாகை திரும்பிச் சாய்வாக ஓட வேண்டும். ஒரு பலகை வழிவிட்டாலும் எதிர்ச்சாய்வில் இருக்கும் அடுத்த பலகை விரிசலின் இரண்டு கரையையும் பிடித்துக்கொண்டு பாலம் போல நிற்கும். அதை உருவினால்தான் விரிசல் அகலும். உருவுவதற்குச் செலவாகும் ஆற்றல்தான் சங்கின் முழு ரகசியமும்.

ஆகச் சங்கு விரிசலே விடாத பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. நிறைய விரிசல் விட்டுத் தப்பிக்கும் பொருள் அது. பெரியவரின் சங்கில், மொபெட்டிலிருந்து விழுந்த வடு என்று அவர் காட்டிய இடத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, பிடித்து வைத்த மாதிரி நின்றுபோன விரிசல்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட நடு அடுக்கைத் தாண்டவில்லை.

கீழடியில் சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன அல்லவா. சங்கைத் தட்டி உடைத்து யாரும் வளையல் செய்திருக்க முடியாது; நினைத்த இடத்தில் அது உடையாது. பொறுமையாக அறுத்து, உரைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கைவினைஞர்களுக்கு இந்த அடுக்கு விவரமெல்லாம் கை வழியாகத் தெரிந்திருக்கும்.

முத்துச்சிப்பியின் உட்புற மினுமினுப்பும் இதே குடும்பம்தான், கட்டுமானம் வேறு. அங்கே அரை மைக்ரான் (மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள அரகோனைட் தட்டுகள் செங்கல் போல அடுக்கப்பட்டிருக்கும். அதை உடைக்கத் தேவைப்படும் ஆற்றல் தனி அரகோனைட்டை விட மூவாயிரம் மடங்கு என்று 1988இல் அளந்து சொன்னார்கள். பிரபலம் என்னவோ அதற்குத்தான். முறிவைத் தாங்குவதில் என் ஓட்டு சங்குக்கு.

விழுந்த கணக்கு

கரீபியக் கடலின் ராணிச் சங்கை 1996இல் வளைத்து உடைத்து அளந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. நம் சங்கு வேறு இனம், ஆனால் மேலே சொன்ன குறுக்கடுக்குக் கட்டுமானம் ஒன்றே. உடைபடும் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்குச் செலவாகும் ஆற்றல், காய்ந்த ஓட்டில் சராசரியாக 4,000 ஜூல், ஈரமான ஓட்டில் 13,000 ஜூல் என்று கண்டார்கள். இந்த எண்களை வைத்து ஒரு முரட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நம் சங்கில் விரிசல்களின் மொத்த நீளத்தை நூல் வைத்து அளந்தேன்: 17 செ.மீ. கனம் சராசரி 4.5 மி.மீ. ஆக உடைந்த பரப்பு ஏறக்குறைய 7.6 சதுர செ.மீ. நல்ல சங்கு, காய்ந்த நிலையில் இப்படி உடைய 3 ஜூல் வேண்டும். ஈரத்தில் 10 ஜூல். வெறும் கனிமமாக மட்டும் இருந்திருந்தால் இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். ஒரு கோலிக்குண்டு நாலு விரல் உயரத்திலிருந்து விழுகிற ஆற்றல்.

ஸ்டூலிலிருந்து விழுந்தபோது சங்கின் கையில் இருந்த ஆற்றல்: 0.61 கிலோ, 0.45 மீட்டர், ஈர்ப்பு 9.8. பெருக்கினால் 2.7 ஜூல். தத்தனேரியில் கருங்கல்லில் விழுந்தபோது உயரம் 1.3 மீட்டர் என்று வைத்தால், ஆசிட் தின்னாத அன்றைய முழு எடைக்கு எட்டு ஜூலுக்கும் மேல். மோதலில் இந்த ஆற்றல் முழுவதும் உடைப்பதற்கே போகாது. துள்ளலாகவும் சத்தமாகவும் தரைக்கும் ஒரு பங்கு போகும். அப்படியென்றால் 2.7 ஜூல், முழுசாக இருக்கும் காய்ந்த சங்கைக்கூட மூன்றாக்கப் போதாது. எட்டு ஜூலைத் தாங்கியது இரண்டே முக்காலுக்கு விழுந்திருக்கிறது. மருமகளின் முந்தானை இந்தக் கணக்கில் மிகச் சின்ன எண்.

அடுத்தது ஆசிட் கணக்கு. பாட்டில் அட்டையில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 10 சதவீதம் என்று போட்டிருந்தது. அரை லிட்டரில் 50 கிராம் சொச்சம் ஆசிட். 73 கிராம் ஆசிட் 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைத் தின்னும். நுரை அடங்கும்வரை வைத்திருந்தான் என்பதால் கிட்டத்தட்ட முழு ஆசிட்டும் வேலையை முடித்துவிட்டது: 70 கிராம் சங்கு கரைந்து, நுரையாகவும் கழிவுநீராகவும் போயிருக்கிறது. தண்ணீர் கலந்தால் வேகம் குறையும், தின்கிற அளவு குறையாது. பேரனிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. வேதியியல் முதல் வருடமே படித்திருக்கிறான்.

உள்ளும் புறமும் ஆசிட் தின்றதைச் சேர்த்துப் பரப்பிப் பார்த்தால் ஓட்டின் கனத்தில் சராசரி அரை மில்லிமீட்டர் இழப்பு. கனத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வளையும்போது தகைவு, அதாவது ஓட்டின் குறிப்பிட்ட பரப்பு தாங்க வேண்டிய விசை, கால் பங்கு வரை கூடும். அது மட்டும் என்றால் சங்கு பிழைத்திருக்கும். ஆனால் ஆசிட் சமமாகத் தின்னவில்லை. பஞ்சு போட்ட துளைகளுக்குள்ளும், ட்ரில் விட்டுப்போன விரிசலுக்குள்ளும் புகுந்து வேலை செய்திருக்கிறது. வெளி அடுக்குதான் பல விரிசல்களாகப் பிரித்து அடியை வாங்கிக்கொள்ளும் அடுக்கு. அங்கேதான் அதிகச் சேதம்.

துளையின் பங்கையும் சொல்ல வேண்டும். இழுக்கப்படும் ஒரு தகட்டில் வட்டமாக ஒரு துளை போட்டால், துளை ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும். துளை சின்னதாக இருந்தாலும் மூன்றுதான். அந்த ஓரத்தில் கூரான விரிசலும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். கண்ணாடி ஏன் எதிர்பார்ப்பதை விட எளிதில் உடைகிறது என்று 1920 வாக்கில் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்டுபிடித்த விதி இதுதான்: நொறுங்கும் பொருளின் உறுதியைத் தீர்மானிப்பது அதிலுள்ள மிகப் பெரிய விரிசல். விரிசல் நான்கு மடங்கு நீண்டால் பாதித் தகைவிலேயே அது கிளம்பிவிடும்.

ஆய்வகத்தில் உடைத்துப் பார்த்தது

கணக்கு சரி, பேரனுக்கு நம்பிக்கை வரவில்லை. மீனாட்சியம்மன் கோயில் பக்கத்துக் கடையில் ஏறக்குறைய அதே அளவில் இரண்டு சங்கு வாங்கிவந்தோம். ஒன்றை அப்படியே வைத்தோம். மற்றதை அதே ஆசிட், அதே பதினைந்து நிமிடம். இரண்டிலிருந்தும், பளிங்கு டைல் ஒன்றிலிருந்தும் தீக்குச்சி நீளத்தில் பட்டைகள் அறுத்து, இரண்டு முனையையும் தாங்கி நடுவில் அழுத்தும் மூன்று புள்ளி வளைவுச் சோதனை செய்தோம். முதல் மூன்று பட்டைகளைத் தவறான திசையில் அறுத்து நானே வீணாக்கினேன். வரிக்கு இசைவாக அறுத்த பட்டை, வரிக்குக் குறுக்கே அறுத்ததோடு போட்டி போட முடியாது. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

பளிங்குப் பட்டையில் சுமை நேர்கோடாக ஏறி, "டக்" என்று ஒரு சத்தத்தோடு பூஜ்யத்துக்கு வந்தது. சங்குப் பட்டை பேசிக்கொண்டே இருந்தது. சுமை ஏற ஏற டிக், டிக் என்று சின்னச் சின்னச் சத்தம். ஒவ்வொன்றுக்கும் கோடு கொஞ்சம் சறுக்கி மறுபடி ஏறும். உச்சியைத் தொட்ட பிறகும் ஒரேயடியாக விழாமல் படிப்படியாக இறங்கியது. கடைசியில் எடுத்துப் பார்த்தால் பட்டை வளைந்து, இரண்டு பாதியும் முருங்கைக்காய் நார் போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்கின. கையால் இழுத்துத்தான் பிரித்தோம்.

ஆசிட் பட்ட பட்டைகளில் டிக் சத்தம் குறைவு. ஐந்தில் நான்கு, ஆசிட் குடைந்த குழியிலிருந்து கிளம்பி முன்னதாகவே முறிந்தன. ஐந்தாவது மட்டும் நல்ல பட்டைக்குச் சமமாக நின்றது. எடுத்துப் பார்த்தால் அதில் கடற்பஞ்சுத் துளை ஒன்றுகூட இல்லை. எனக்கு மற்ற நான்கை விட அந்த ஒன்றுதான் அதிகம் சொன்னது: ஆசிட் மேலே மேய்ந்தால் பரவாயில்லை, உள்ளே நுழைய வழி இருந்தால்தான் ஆபத்து.

ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறிய பட்டைகளையும் உடைத்தோம். அவை அதிகம் வளைந்து, அதிக நேரம் எடுத்து, அதிக நாரோடு முறிந்தன. பசைக்கு ஈரம் இருந்தால் இழுபடும், காய்ந்தால் விறைக்கும். பெரியவரிடம் இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊதிவிட்டு வந்தால் சங்கை ஒரு இரவு தண்ணீரில் போட்டு வைப்பது அவர் அப்பா காலத்துப் பழக்கமாம். தீட்டுப் போக என்று நினைத்துச் செய்தது. கடைசி ஆறு வருடம் சங்கு தண்ணீரையே பார்க்கவில்லை.

அவர் இன்னொரு கேள்வி கேட்டார். போன வருடம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஒன்றரை மாதம் மாவுக்கட்டில் இருந்தவர். "எலும்பும் இதே மாதிரிதானே? அது கூடிருச்சு, இது ஏன் கூடாது?" நல்ல கேள்வி. எலும்பு எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கனிமம், அதுவும் கால்சியம் பாஸ்பேட் வகை. மீதி கொலாஜன் நாரும் தண்ணீரும். நடந்தாலே அதில் நுண்விரிசல் விழும். ஆனால் எலும்புக்குள் உயிரணுக்கள் குடியிருக்கின்றன. ஒரு கூட்டம் பழுதைத் தோண்டி எடுக்க, இன்னொரு கூட்டம் புதிதாக நிரப்பும். சங்கைக் கட்டிய நத்தை செத்து அறுபது வருடமாகிறது. அது வாங்கிய ஒவ்வொரு அடியும் வாங்கிய இடத்திலேயே இருக்கிறது.

தீர்ப்பு

அறிக்கையில் காரணங்களை இந்த வரிசையில் எழுதினேன். முதல் காரணம் ட்ரில் போட்ட துளையும் அதன் ஓரத்தில் ஆறு வருடமாக இருந்த 11 மி.மீ. விரிசலும். இரண்டாவது, அந்த விரிசலையும் பஞ்சுத் துளைகளையும் குடைந்த ஆசிட். மூன்றாவது வறட்சி. விழுந்தது நான்காவது, அது இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஒரு தட்டு. ஆணியில் திரும்ப மாட்டியிருந்தால் சங்கிலி இழுத்தே ஒருநாள் போயிருக்கும், ஏனென்றால் முழு எடையும் அந்தத் துளையில்தான் தொங்கும்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனேன். மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றார். நான் படிக்கப் படிக்கப் பேரன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் துளை வரை கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த ஓட்டையப் போடச் சொன்னது நாந்தேன். பட்டறைக்காரன் வேணாம்ணேதான் சொன்னான்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிப் பக்கம் பார்க்காமலே, "இவளை வேற நான் வஞ்சுபுட்டேன்" என்றார். மருமகள், "காபி ஆறுது மாமா" என்றார்.

எபாக்சி வைத்து ஒட்டினால் ஊத முடியுமா என்று பேரன் கேட்டான். ஒட்டும், பார்வைக்கு நிற்கும். ஆனால் ஒரே பசைக் கோடு பளிங்கு மாதிரிதான், விரிசலுக்கு நேர்வழி. அந்தப் பரப்பில் நாரெல்லாம் ஏற்கெனவே அறுந்துவிட்டது. பெரியவருக்கும் அதில் விருப்பமில்லை. துண்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டார். சோதனைச் சங்குகளில் நான் அறுத்தெடுத்த சின்னப் பட்டைகள் உட்பட எல்லாவற்றையும் வைகையில் விடப்போவதாகச் சொன்னார்.

மறுவாரம் புதுச் சங்கு வாங்க நானும் கூடப் போனேன். கடைக்காரர் பளிச்சென்று இருந்த நாலைந்தை முன்னால் வைத்தார். பெரியவர் அவற்றைத் தொடவே இல்லை. பின்னால் கூடையில் கிடந்த, பழுப்பு மேல்தோல் அங்கங்கே ஒட்டியிருந்த ஒன்றை எடுத்து, மோதிர விரலால் சுற்றிலும் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். ஒரு இடத்தில் "பொத்" என்றது. வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். விரிசல் இருந்தால் ஓசை சாகும்; வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் ரயில்வேக்காரர் செய்வதும் இதுதான். ஆறாவது சங்கு நீளமாக மணி போல ஒலித்தது. அதை வாங்கினோம்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதிக்கங்க தம்பி. பேரை மட்டும் போட்டுறாதீங்க" என்றார்.

புதுச் சங்கு இப்போது அதே சுவரில்தான் இருக்கிறது. துளை இல்லை, சங்கிலி இல்லை. மருமகள் பருத்திக் கயிற்றில் உறி ஒன்று பின்னிக் கொடுத்திருக்கிறார், அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவில் இறக்கி ஒரு குண்டான் தண்ணீரில் போடுவதும், விடிந்ததும் எடுத்து உறியில் வைப்பதும் பேரன் வேலை.